வாய் திறக்குமுன்



மந்தைவெளியிலிருந்து ஒரு தாயார் நமக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அவருடைய பத்து வயது மகனுக்குக் கடைவாய்ப்பல் சொத்தை. மாலை வேளையில் மாமியாரையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, பையனைப் பல் மருத்துவரிடம் கூட்டிச் சென்றிருக்கிறார். இவர்களுக்கு முன்னே ஒரு பெரியவர் நாற்காலியை விட்டு எழுந்தார். பையன் அதில் அமர்த்தப்பட்டான். பெரியவரின் வாயில் ஓடிய கருவியின் முனையைப் பஞ்சால் துடைத்துவிட்டு மருத்துவர் அதையே கையில் எடுத்தாராம். தாய்க்கு மனம் பதறிற்று. வாயெடுக்கப் போனவரின் கையை மாமியார் பற்றிக்கொண்டு, "சும்மா இரும்மா, டாக்டரைப் போயா கேள்வி கேட்பது?" என்று அடக்கிவிட்டாராம். "நான் கேட்டிருக்கலாமா, சுவாமி? கேட்பது மரியாதைக் குறைவா?" என்று அத்தாயார் வினவுகிறார்.

கேட்டிருக்கலாம். கேட்டிருக்கவும் வேண்டும். மயிலை மாடவீதியில் வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்காமல் வாங்க மாட்டோம். பாண்டி பஜாரில் சேலையை வெளிச்சத்திற்குக் கொண்டுவந்து இழையைப் பிரித்துப் பார்ப்போம். மீன்காரியிடம் செவுளைத் தூக்கிக் காட்டச் சொல்வோம். இத்தனை இடங்களில் வாய் திறக்கும் நாம், மெய்யாகவே வாயைத் திறந்து உட்காரும் இடத்தில் மட்டும் பேச்சற்றுப் போகிறோம். ஏன் கேட்கவேண்டும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே அண்மையில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லுவோம்.

சென்னையிலிருந்து பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், பாலாற்றங்கரையில், தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன வாணியம்பாடி நகரம் இருக்கிறது. திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. அந்நகரையும் சுற்றுப்புறங்களையும் சேர்ந்த சிலர் 2022, 2023-ஆம் ஆண்டுகளில் காய்ச்சல், தலைவலி, முக வீக்கம், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் என்று வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நாடி வந்தனர். மருத்துவர்கள் மூளையைப் பற்றிய ஓர் அரிய நோயைக் கண்டறிந்தார்கள். மெலியாய்டோசிஸ் என்பது அதன் பெயர். மொத்தம் 21 பேர். இவர்களுள் 10 பேருக்கு ஓர் ஒற்றுமை இருந்தது: பத்துப் பேரும் வாணியம்பாடியில் ஒரே பல் சிகிச்சைக் கூடத்தில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் மாண்டனர். அங்கே செல்லாமலே இந்நோய் கண்ட மற்ற 11 பேருள் இறந்தவர் ஒருவர் மட்டுமே. இவ்வேறுபாட்டைச் சற்று நினைத்துப் பாருங்கள்.

வேலூர் மருத்துவர்களும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சார்ந்த, சென்னையிலுள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தினரும், தமிழகப் பொதுச் சுகாதாரத் துறையினரும் கூடி ஆராய்ந்தார்கள். 2025-இல் அவ்வாராய்ச்சி லான்செட் குடும்பத்து மருத்துவ ஏடு ஒன்றில் வெளிவந்தது. அவர்கள் கண்ட மூலகாரணம் என்ன? ஒரு சலைன் குப்பி. ஈறைப் பல்லினின்று பிரித்து விலக்கும் கூரிய கருவியால் குப்பியின் வாயைத் திறந்து, வேண்டிய அளவு ஊற்றிக்கொண்டு, பிறகு அதைத் தளர்வாக மூடிவைத்து, அடுத்து வந்தவருக்கும் அதற்கடுத்தவருக்கும் அதிலிருந்தே எடுத்திருக்கிறார்கள். பயன்பாட்டில் இருந்த அத்தகைய குப்பி ஒன்றில் அந்தக் கிருமி இருந்தது. பல் பிடுங்கிய புண்ணைக் கழுவித் தூய்மையாக்குவதற்கென்று ஊற்றப்பட்ட நீரே நஞ்சாயிற்று. அந்த ஒரு குப்பியின் விலை சில பத்து ரூபாய்தான் இருக்கும்.

இக்கிருமியைப் பற்றி ஒரு சிறு வரலாறு. 1911, 1912-ஆம் ஆண்டுகளில் ரங்கூன் நகரத்துப் பொது மருத்துவமனையில், அநாதைப் பிணங்களை அறுத்து ஆராய்ந்துகொண்டிருந்த விட்மோர் என்னும் ஆங்கிலேய மருத்துவரும், அவருடைய உதவியாளர் சி. எஸ். கிருஷ்ணசாமியும் இந்நோயை முதன்முதல் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார்கள். கிருஷ்ணசாமியின் பெயர் பாடநூல்களில் ஒரு வரியோடு நின்றுவிட்டது. விட்மோரின் பெயரோ நோய்க்கே சூட்டப்பட்டது. காலனி ஆட்சிக் காலத்தில் இஃது ஒன்றும் புதுமையன்று. இக்கிருமி வாழுமிடம் ஈரமண்ணும் சேற்றுநீரும். நெல்வயல் இதற்கு உகந்த வீடு. ஆகையால் நம் நாட்டில் இது விருந்தாளி அன்று, குடியிருப்பாளி. நீரிழிவுக்காரரை எளிதில் பற்றும். வழக்கமாக நாம் வாங்கி விழுங்கும் சாதாரண மாத்திரைகளுக்கு அசையாது. வாரக்கணக்கில் ஊசி மருந்தும், பின் மாதக்கணக்கில் மாத்திரையும் வேண்டும். மண்ணில் கிடக்கும் மட்டும் பெரும்பாலோருக்குத் தீங்கு செய்வதில்லை. வாயில் புதிதாகத் திறந்த புண்ணுக்குள் நேராக ஊற்றப்பட்டபோதோ, மூளைக்குப் போக அதற்குத் தூரமில்லை.

அந்தச் சிகிச்சைக் கூடத்தின் மீது மட்டும் கல்லெறிவது நம் நோக்கமன்று. திறந்த குப்பியை மூடிவைத்து மறுபடி பயன்படுத்தும் வழக்கம் வாணியம்பாடியில் மட்டுமா இருக்கும்? 'இன்னும் பாதி இருக்கிறதே, கொட்டுவானேன்' என்னும் சிக்கன புத்தி நம் இல்லங்களில் நற்குணம். ஆனால் அறுவைக்குரிய நீரில் அது கொலைக்குணம். திறந்த குப்பி திறந்ததுதான். மூடிவைத்தால் அது மறுபடி தூயதாகிவிடாது. சிறிய குப்பிகளை வாங்கி, ஒருவருக்கு ஒன்று என்று வைத்து, மிஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். மருந்தை ஊசியில் ஏற்றும் குப்பிகளுக்கும் இதுவே நியாயம்.

இனி, கருவிகளைத் தூய்மை செய்வதைப் பற்றி. இல்லத்தரசிகளுக்கு இதை விளக்குவது எளிது. ஏனெனில் அவர்கள் அடுப்பங்கரையில் இதே விஞ்ஞானம் தினமும் நடக்கிறது. திறந்த பாத்திரத்தில் தண்ணீர் எத்தனை நேரம் கொதித்தாலும் அதன் சூடு 100 பாகைக்கு மேல் ஏறாது. அந்தச் சூட்டுக்கு அஞ்சாத கிருமி வித்துகள் உண்டு. பிரஷர் குக்கரில் எடையைப் போட்டு ஆவியை அடைத்தால், அழுத்தம் ஏற ஏறச் சூடும் 120 பாகையைத் தொடுகிறது; துவரம்பருப்பும் விரைவில் குழைகிறது. மருத்துவமனைகளில் ஆட்டோகிளேவ் என்று வைத்திருப்பது இதே குக்கரின் பெரிய தமையன்தான். 1879-இல் பிரான்சு நாட்டில், லூயி பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய சார்லஸ் ஷாம்பர்லான் என்பவர் இதை உருவாக்கினார். 121 பாகையில் குறைந்தது 15 நிமிடம், காகித உறையிலிட்ட கருவிகளுக்கு 30 நிமிடம், சில இயந்திரங்களில் 134 பாகையில் மூன்று நான்கு நிமிடம் என்று கணக்கு உண்டு. சூடேறும் நேரமும், ஈரம் உலரும் நேரமும் இதற்கு மேல்.

ஆகவே, எஃகுப் பாத்திரத்தில் வெந்நீரில் கொதிக்கும் கருவிகளைக் கண்டால் அது தூய்மை என்று எண்ணிவிட வேண்டாம். மருந்துத் தண்ணீரில் ஐந்து நிமிடம் நனைந்து கிடப்பதும் போதாது. இன்னொன்றும் உண்டு: இரத்தமும் சதைத்துணுக்கும் ஒட்டியிருக்கையில் எத்தனை ஆவி ஏற்றினாலும் பயனில்லை. முதலில் தேய்த்துக் கழுவ வேண்டும், அதன்பின்னரே ஆவி. அடிப்பிடித்த பாத்திரத்தை ஊறவைத்துத் தேய்க்காமல் மறுபடி உலையேற்றும் பெண்மணி உண்டா?

கருவிகள் வைக்கப்படும் காகித உறையின் மேல் ஒரு சிறு கோடோ புள்ளியோ அச்சிடப்பட்டிருக்கும். ஆவியின் சூடு பட்டால் அதன் நிறம் மாறும். உங்கள் கண் முன்னே உறையைக் கிழித்துக் கருவியை எடுக்கும் மருத்துவர், சொல்லாமலே உங்களுக்கு விடை சொல்லிவிடுகிறார். என்றாலும் நிறம் மாறியது சூடு சென்றது என்பதற்குச் சாட்சியே தவிர, கிருமி செத்தது என்பதற்குச் சாட்சியன்று. அதற்கு வேறொரு சோதனை இருக்கிறது. சூட்டுக்கு எளிதில் சாகாத, ஆனால் மனிதருக்குத் தீங்கற்ற ஒருவகைக் கிருமியின் வித்துகளை ஒரு சிறு குழலில் வைத்து, கருவிகளோடு சேர்த்து ஆட்டோகிளேவில் இடுவார்கள். பின்னர் அது முளைக்கிறதா என்று பார்ப்பார்கள். முளைக்காவிட்டால் இயந்திரம் தன் வேலையைச் செய்கிறது. வாரம் ஒருமுறை இதைச் செய்து பதிவேட்டில் எழுதிவைப்பது நல்ல மருத்துவமனைகளின் வழக்கம்.

கண்ணாடி, கொக்கி, குறடு முதலியவற்றைப் பலரும் இப்போது ஒழுங்காகத் தூய்மை செய்கிறார்கள். நம் அச்சமெல்லாம் ஹேண்ட்பீஸ் எனப்படும், பல்லைக் குடையும் அந்தச் சுழற்கருவியைப் பற்றியதே. மந்தைவெளித் தாயார் கண்டதும் இதுவாகத்தான் இருக்கவேண்டும். நிமிடத்திற்கு மூன்று இலட்சம் சுற்றுக்கு மேல் சுழலும் நுண்ணிய இயந்திரம் அது. சுழல்வது நிற்கும் கணத்தில், வாயிலுள்ள எச்சிலையும் இரத்தத்தையும் சிறிதளவு உள்ளே இழுத்துக்கொள்ளக் கூடியது. வெளிப்புறத்தை எத்தனை பஞ்சால் துடைத்தாலும் உள்ளே போனது உள்ளேதான். எனவே ஒவ்வொருவருக்குப் பின்னும் அது ஆவியில் வெந்தே ஆகவேண்டும். விலை அதிகமாகையாலும், அடிக்கடி சூடேறினால் விரைவில் தேய்வதாலும், சில இடங்களில் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறார்கள். ஒரு சிறு கணக்குப் போடுவோம். மாலை 5 மணி முதல் 9 மணி வரை 16 பேரைப் பார்க்கும் மருத்துவர், இரண்டே ஹேண்ட்பீஸ் வைத்திருக்கிறார். ஒருவருக்குக் கால்மணி நேரம். ஆகவே ஒவ்வொன்றும் அரைமணிக்கு ஒருமுறை தேவைப்படும். கழுவி, எண்ணெயிட்டு, உறையிலிட்டு, வேகவைத்து, உலர்த்தி எடுக்க ஏறத்தாழ ஒரு மணி நேரம் பிடிக்கும். கணக்கு உதைக்கிறதல்லவா? "எத்தனை ஹேண்ட்பீஸ் வைத்திருக்கிறீர்கள், டாக்டர்?" என்னும் ஒரு கேள்வி, சுவரில் தொங்கும் பத்துச் சான்றிதழ்களைக் காட்டிலும் அதிகம் சொல்லும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்லவேண்டும். நாற்காலியோடு இணைந்த மெல்லிய குழாய்களின் உட்சுவரில், இரவெல்லாம் நீர் தேங்கி நிற்பதால், பாசிபோன்ற வழுவழுப்பான படலம் படிகிறது. அதற்குள் கிருமிகள் குடித்தனம் நடத்துகின்றன. 2011-இல் இத்தாலி நாட்டில் 82 வயது மூதாட்டி ஒருவர் நுரையீரல் காய்ச்சலால் இறந்தார். அந்தக் கிருமி அவர் சென்றுவந்த பல் மருத்துவமனையின் குழாய்நீரில் இருந்தது. 2016-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்து அனஹைம் நகரில், பாற்பற்களின் வேருக்குச் சிகிச்சை பெற்ற 70-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு இவ்விதமே தாடையில் தொற்று ஏற்பட்டது. செல்வம் கொழிக்கும் நாடுகளில் இந்நிலை என்றால், கோடையில் லாரித் தண்ணீரையும் சம்ப்பையும் நம்பியிருக்கும் அடையாற்றிலும் தியாகராயநகரிலும் கேட்கவா வேண்டும்? கவனமுள்ள மருத்துவர்கள் நாற்காலிக்குத் தனிக் குப்பியில் சுத்திகரித்த நீரை ஊற்றுகிறார்கள். குழாய்களுக்கு அவ்வப்போது கிருமிநாசினி செலுத்துகிறார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னே அரைநிமிடம் நீரை வீணே ஓடவிடுகிறார்கள். அப்படி ஓடவிட்டால், 'காலத்தைக் கடத்துகிறாரே' என்று முணுமுணுக்க வேண்டாம். பல் பிடுங்கிய புண்ணைக் கழுவ மட்டும் இந்த நாற்காலி நீர் ஆகாது. அப்போது திறந்த, தூய சலைன்தான்.

கையுறையைப் பற்றிச் சிறிது. ஒரு தலைமுறைக்கு முன்னே பல் மருத்துவர்கள் பெரும்பாலும் வெறுங்கையால்தான் வேலை செய்தார்கள். 1986-இல் இதே சென்னையில், சென்னை மருத்துவக் கல்லூரியின் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தார்கள். அதன் பின்னரே நம் மருத்துவர்களின் கைகளில் கையுறை படிப்படியாக ஏறிற்று. அச்சம் எய்ட்சைப் பற்றியதாயினும், உண்மையில் அதனினும் எளிதாகத் தொற்றுவது ஹெபடைடிஸ் பி என்னும் கல்லீரல் நோய். அதன் கிருமி உலர்ந்த இரத்தக் கறையில் ஏழு நாள் வரை உயிரோடிருக்க வல்லது. விளக்கின் கைப்பிடியிலும் மேசை ஓரத்திலும் கண்ணுக்குத் தெரியாமல் காத்திருக்கும். கையுறை அணிந்த கையால் செல்பேசியை எடுத்துப் பேசிவிட்டு, அதே கையை உங்கள் வாயில் வைப்பாரேயானால், அக்கையுறை மருத்துவரைக் காக்கிறதே அன்றி உங்களைக் காக்கவில்லை.

இங்கே நம் பங்குகளுக்கே ஒரு சொல். திருவிழாக் காலங்களிலும், இளைஞர் மன்றங்களின் ஆண்டு விழாக்களிலும், பங்கு மண்டபங்களில் இலவசப் பல் மருத்துவ முகாம் நடத்துவது நல்ல வழக்கம். ஆனால் நாற்பது நாற்காலிகளும் ஒரு மேசையும் உள்ள மண்டபத்தில், ஆட்டோகிளேவ் இல்லாமல், ஒரே நாளில் நூறு பேருக்குப் பல் பிடுங்குவது தர்மமன்று. முகாமில் பற்களைப் பார்க்கலாம். துலக்கும் முறையைக் கற்பிக்கலாம். வாயில் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ உள்ள வெற்றிலை, புகையிலைப் பழக்கக்காரரைக் கண்டுபிடித்து அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பலாம். இரத்தம் சிந்தும் வேலையை மட்டும் மருத்துவமனைக்கு விட்டுவிட வேண்டும். கோட்டை இரயில் நிலையத்திற்கு எதிரே அரசினர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1953-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. ஏழைகள் அங்கே செல்ல ஒரு வண்டி அமர்த்தித் தருவது, மண்டபத்தில் குறடு பிடிப்பதைவிடப் பெரிய தொண்டு. 'இலவசம்தானே' என்பதற்காக ஏழையின் இரத்தத்துக்கு வேறொரு தராசு வைக்க நமக்கு உரிமையில்லை.

சட்டம் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. 1948-ஆம் ஆண்டுப் பல் மருத்துவர் சட்டத்தின்படி, மாநிலப் பல் மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்றவரே இத்தொழில் செய்யலாம் என்ற முறை வந்தது. அதற்குப் பதிலாக 2023-இல் நாடாளுமன்றம் ஒரு புதுச் சட்டம் இயற்றியிருக்கிறது. மருத்துவமனைகளைப் பதிவு செய்து கண்காணிக்கத் தமிழ்நாட்டில் 1997-இல் ஒரு சட்டம் பிறந்தது. அதற்குரிய விதிகள் வெளிவந்ததோ 2018-இல். இருபத்தோராண்டுப் பிரசவ வேதனை! பதிவு பெற்ற மருத்துவமனை தன் சான்றிதழை மக்கள் காணத் தொங்கவிட வேண்டும். கழிவுகளுக்கு 2016-ஆம் ஆண்டு விதிகள் உண்டு: பிடுங்கிய பல்லும் இரத்தம் தோய்ந்த பஞ்சும் மஞ்சள் பைக்கு, குழாயும் கையுறையும் சிவப்புப் பைக்கு, ஊசி துளைக்காத வெள்ளைப் பெட்டிக்கு. இவை கண்ணில் படும் இடத்தில் இருக்கும், பாருங்கள். ஆயினும் தேனாம்பேட்டையிலிருந்து ஓர் அதிகாரி ஒவ்வொரு நாற்காலியின் பக்கத்திலும் மாலைதோறும் நிற்க முடியாது. நிற்பவர் நீங்கள்தான்.

சரி, எப்படிக் கேட்பது? குற்றஞ்சாட்டும் குரலில் வேண்டாம். நாற்காலியில் சாய்ந்து வாய் திறந்த பிறகு கேட்கவும் இயலாது. தொலைபேசியில் நேரம் குறிக்கும்போதே கேட்டுவிடலாம். "டாக்டர், கருவிகளை ஆட்டோகிளேவ் செய்கிறீர்களா? ஹேண்ட்பீசையுமா? பையனுக்குப் புது உறை பிரிப்பதைப் பார்க்கலாமா?" என்று பணிவாகக் கேட்டால், நல்ல மருத்துவர் எவரும் சினப்பதில்லை. லஸ் முனையிலும் ஆழ்வார்பேட்டையிலும் நாம் அறிந்த மருத்துவர் சிலர், இவ்வாறு கேட்பவர்களைத் தூய்மை செய்யும் அறைக்கே அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். கேட்பார் இல்லையே என்பதே அவர்கள் குறை. அவர்களுக்கும் ஒரு நியாயம் உண்டு. ஒவ்வொருவருக்கும் புது உறை, புதுக் கையுறை, புதுச் சலைன், போதிய கருவிகள் என்றால் செலவு கூடத்தான் செய்யும். அடுத்த தெருவில் இருநூறு ரூபாய் குறைவு என்று ஓடும் நாம், குறைந்த அந்த இருநூறு எங்கே மிச்சம் பிடிக்கப்பட்டது என்று கேட்பதில்லை. பல்வலிக்குப் பாதுகாவலியாகிய புனித அப்போலோனியாளை நோக்கி மன்றாடுவோர் நம் குடும்பங்களில் உண்டு. மன்றாட்டு கேள்விக்குத் தடையன்று.

கேட்டதற்கு மழுப்பலான விடை வந்தாலோ, கோபம் வந்தாலோ, எழுந்து வந்துவிடுங்கள். சொத்தைப்பல் ஒரு நாள் பொறுக்கும். மாமியாருக்கு நாமே விளக்கிச் சொல்லுவோம் என்று அத்தாயாருக்கு எழுதியிருக்கிறோம்.

நீரிழிவு உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களும், இதய வால்வுக்குச் சிகிச்சை பெற்றவர்களும் அதை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். பல் பிடுங்கிய சில நாட்களில் காய்ச்சலோடு முகம் வீங்கினாலோ, வாய் கோணினாலோ, பேச்சுக் குழறினாலோ, மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிக் காலம் தாழ்த்தாமல் பெரிய மருத்துவமனைக்குச் செல்லுங்கள். சென்றதும், இன்ன நாளில் இன்ன இடத்தில் பல்லுக்குச் சிகிச்சை பெற்றேன் என்பதை மறவாமல் சொல்லுங்கள். அதற்காகவேனும் ரசீது கேட்டு வாங்குங்கள். மருத்துவச் சேவைக்கும் நுகர்வோர் சட்டம் பொருந்தும் என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதால், நாளை ஒரு வழக்கு நேர்ந்தால் அத்தாள் உதவும். வீட்டில் ஞானஸ்நானச் சான்றிதழும் குடும்ப அட்டையும் வைத்திருக்கும் அந்தத் தகரப் பெட்டியிலேயே அதையும் போட்டு வையுங்கள். நாளும், மருத்துவர் பெயரும், எந்தப் பல் என்பதும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்த பிறகு.